துணைக் கேலக்ஸிக்குத் தாவியபோது: உங்களை விடாமல் உறுத்தும் ஒரு காட்சி எது?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கதை விளையாட்டில் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவன், நான். பேரரசு துரத்துகிறது, கப்பல் ஒளியையே முந்தும் ஒரே தாவலில் துணைக் கேலக்ஸிக்குப் போய்விட்டது. நம் கேலக்ஸிக்குத் துணையாக இருக்கும் சின்னக் கேலக்ஸியான பெரிய மகெல்லன் மேகத்தின் தூரத்தையே வைத்திருந்தேன், 1,60,000 ஒளியாண்டு, அதாவது ஒளியே வந்து சேர அத்தனை ஆண்டு ஆகும். தப்பித்தாயிற்று, அடுத்த காட்சி என்று நான் தாளைப் புரட்டும்போது, மாலுமியாக விளையாடும் தோழி "ஜன்னலைத் திறங்க, ஊரைப் பாக்கணும்" என்றாள். ஜன்னல் நிறைய ஜொலிக்கும் சுருள், நம் கேலக்ஸி முழுசாகத் தெரிகிறது என்று வர்ணித்தேன். அவள் கையிலிருந்த பென்சிலைக் கீழே போட்டாள். அது உருண்டு போய்ப் பகடையில் முட்டி நின்றது. "இந்த வெளிச்சம் கிளம்பினப்ப பேரரசு இல்ல. எங்க ஊரும் இல்ல. அப்ப நான் யாரைப் பாத்துக்கிட்டிருக்கேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டோம். வருடம் நாலாகிறது, அந்த ஆட்டத்தை இன்னும் தொடரவில்லை.

* * *

சரக்குக் கப்பலில் வேலை எனக்கு. நிலநடுக்கோட்டுக்கு நன்றாகத் தெற்கே, இரவுக் காவலில் இருந்தேன். அண்டைக் கேலக்ஸிக் கதைகளைச் சின்ன வயதிலிருந்தே படிக்கிறேன், ஆனால் அப்படி ஒன்றை வெறும் கண்ணால் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை. தெற்கே வெளுப்பாக ஒரு திட்டு. மழை வருமோ என்று அதையே கவனித்துக்கொண்டிருந்தேன். மற்ற மேகங்கள் காற்றோடு போய்விட்டன. இது மட்டும் நட்சத்திரங்களோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தது. அதுதான் பெரிய மகெல்லன் மேகம். கையை நீட்டி முஷ்டியால் மூடிப் பார்த்தேன், கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பல நூறு கோடி சூரியன்கள் என் முஷ்டிக்குப் பின்னால். கொஞ்சம் தள்ளி இன்னொரு துணைக் கேலக்ஸி, சின்ன மகெல்லன் மேகம். இப்போதெல்லாம் கதையில் துணைக் கேலக்ஸி என்று வந்தாலே என் கை தன்னால் நீள்கிறது.

* * *

முதல் பதிவில் ஒரு திருத்தம். அந்தச் சுருள் ஜொலிக்காது. அளவு பெரிதாகத்தான் இருக்கும்: ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள தட்டு அந்தத் தூரத்திலிருந்து வானத்தில் ஏறக்குறைய 35 பாகைக்கு விரியும், மேலே நண்பர் சொன்ன முஷ்டிக் கணக்கில் மூன்றரை. ஆனால் பரந்து கிடக்கும் ஒளிக்குப் பக்கத்தில் போகப் போகப் பரப்புதான் கூடும், செறிவு கூடாது. உள்ளே இருக்கும் நமக்கே பால்வெளி மங்கலான பட்டையாகத்தானே தெரிகிறது? வெளியே போனால் மட்டும் எப்படிப் பளிச்சென்று ஆகும்? அட்டைப்படங்களில் வரைவதெல்லாம் நீண்ட நேரம் ஒளி சேகரித்த கேமராவின் பார்வை. கப்பலில் ஒரு விளக்கு எரிந்தால் போதும், ஜன்னலில் நம் முகம்தான் தெரியும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு விண்வெளி சிமுலேட்டரில். கேலக்ஸிக்கு வெளியே வந்து, பிரகாசத்தை மனிதக் கண்ணின் அளவுக்குக் குறைத்தேன். திரை இருண்டுவிட்டது. கோளாறு என்று நினைத்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, சாம்பல் நிறத்தில் ஒரு கறை மெதுவாக வந்தது.

* * *

எனக்கு 1987. பிப்ரவரியில் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. வெடிப்பில் கிளம்பிய நியூட்ரினோக்கள், எதிலும் எளிதில் சிக்காத நுண்துகள்கள், வெளிச்சத்தைச் சில மணி நேரம் முந்திக்கொண்டு வந்தன, உலகம் முழுக்கக் கருவிகளில் சிக்கியது இரண்டு டஜன் அளவுதான். அண்ணன் வெடிப்புக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு படங்களைக் காட்டி, "இது இப்ப நடக்கலடா" என்றான். அப்போது படித்துக்கொண்டிருந்த கதையில் கப்பல் அந்த மேகத்துக்குத்தான் தாவும். எனக்குச் சட்டென்று உறைத்தது: அன்றைக்கு அங்கே தாவிப் போயிருந்தால் நட்சத்திரமும் இல்லை, வெடிப்பும் இல்லை, 1,60,000 ஆண்டுப் பழைய புகைதான். கதையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. புத்தகத்தை மூடிவிட்டேன்.

* * *

என் கதையைத் திருப்பி அனுப்பினார்கள். "தாவல் எந்திரம் இல்லாமல் துணைக் கேலக்ஸிக்குப் போக முடியாது, வழியிலேயே எல்லாரும் இறந்துவிடுவார்கள்" என்று குறிப்பு. அது தப்பு, அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பூமியின் ஈர்ப்பு அளவுக்கே முடுக்கம், பாதி வழி வேகம் கூட்டி, மீதி வழி குறைத்துக்கொண்டே போங்கள். ஒளிவேகத்தை நெருங்க நெருங்கக் கப்பலுக்குள் காலம் மெதுவாக ஓடும், அதனால் பெரிய மகெல்லன் மேகத்தை அடையும்போது கப்பலுக்குள் ஓடியிருப்பது சுமார் 23 ஆண்டு. பக்கத்துப் பெரிய கேலக்ஸி ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு, தூரம் பதினைந்து மடங்குக்கும் மேல், அதற்கும் 29 ஆண்டுக்குள் போய்விடலாம். எரிபொருள் மலைக்கவைக்கும் கணக்குதான், ஆனால் இயற்பியல் தடுக்கவில்லை. இருபது வயதில் ஏறியவள் நாற்பத்து மூன்றில் இறங்குவாள். ஊரில் மட்டும் 1,60,000 ஆண்டு போயிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்திலேயே முழு நாவல் இருக்கிறது. அப்புறம், பெரிய, சின்ன மகெல்லன் மேகங்கள் இரண்டுக்கும் இடையே வெறும் இருட்டு என்று எழுதாதீர்கள். வாயுவும் நட்சத்திரங்களும் கொண்ட ஒரு பாலம் இருக்கிறது, இரண்டுக்கும் பின்னால் ஹைட்ரஜன் வால் ஒன்று வானத்தில் நீளமாகக் கிடக்கிறது. கப்பல் நிற்க, பதுங்க, சண்டை போட அங்கே இடம் உண்டு.

* * *

முதல் பதிவு எழுதியவன். ஜொலிக்காது என்றவருக்கு நன்றி, நான் வர்ணித்தது தப்பு. இதையெல்லாம் தோழிக்கு அனுப்பினேன். நேற்று அவளே ஆட்டத்தைத் தொடரலாம் என்றாள். அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். கதையில் பேரரசு அவள் ஊரை எரித்துப் பதினோரு வருடம். திரும்பத் தாவலாம் என்றாள், ஆனால் ஊருக்கு இல்லை. பன்னிரண்டு ஒளியாண்டு தள்ளிக் கப்பலை நிறுத்தச் சொன்னாள். இன்னும் ஒரு வருட வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. பெரிய தொலைநோக்கி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.