பெயர்க் கவிதை எழுதச் சொன்னால் நற்சான்றிதழ்தான் வருகிறது

மழைக்குருவி:
6 வயதுப் பையன், 10 வயதுப் பெண். பெயரின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்கி, 'நான் யார்' என்று எழுதச் சொன்னேன். பெரியவள் 'அன்பானவள், அறிவானவள்' என்று அடுக்குகிறாள். சின்னவன் அதைப் பார்த்து எழுதுகிறான். பெயர் 'ன்' என்று முடிவதால் கடைசி வரியில் மாட்டிக்கொள்கிறான்.

எழுத்தாணி:
'ன்' அவன் தப்பில்லை. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ண, ழ, ள, ற, ன வரிசைகளிலும் தொடங்காது. அந்த எழுத்து வந்தால் வரியை அதில் முடிக்கச் சொல்லுங்கள். 'ன்' என்றால் அதிர்ஷ்டம்தான், 'நான்' என்று பேசும் வினை பெரும்பாலும் அதில்தானே முடிகிறது! 'கவின்' என்ற பெயருக்கு:

கதவுக்குப் பின்னால் ஒளிவேன்
விரல் வைத்து வாயை மூடுவேன்
அப்படியும் சிரித்து மாட்டுவேன்

'ய' வந்தால் 'யா'வும் செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சொல் கிடைப்பது கடினம்.

திண்ணைப்பேச்சு:
'அன்பானவள்' பிறர் கொடுக்கும் பட்டம். '-ஆனவள், -ஆனவன்' சொற்களுக்குத் தடை போடுங்கள். எழுதும் முன் 5 நிமிடம் வாய்ப்பேச்சு: தனியாக இருந்தால் கை என்ன செய்யும்? எந்தச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாய்? எதை யாருக்கும் தரமாட்டாய்? பதில்களைத் துண்டுச் சீட்டுகளில் குறித்து, பிடித்த மூன்றைப் பிள்ளையே பொறுக்கட்டும். இருவரும் வேறு வேறு இடத்தில் உட்காரட்டும், நீங்களும் எழுதுங்கள். பெரியவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அது பரீட்சை ஆகிவிடும்.

சின்னவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். 'பயமா இருக்கு' என்றால் அப்படியே; 'அஞ்சுகிறேன்' ஆக்கினால் குரல் உங்களுடையது.

நாலுவரி:
6 வயதுக்குப் பெயர்க் கவிதையைவிட விடுகதை பொருந்தும். தன்னைப் பற்றி மட்டும் 4 குறிப்பு, கடைசியில் 'நான் யார்?'; எழுதியது யாரென்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். முதல் மூன்றில் உயரம், உடை, வகுப்பு கூடாது. கையெழுத்து காட்டிக்கொடுக்கும், ஆகவே ஒருவரே எல்லாவற்றையும் வாங்கி வாசிக்க வேண்டும்.

மழைக்குருவி:
நன்றி. 'என்னை யாருக்கும் பிடிக்காது' மாதிரி வரி வந்தால்?

திண்ணைப்பேச்சு:
'அப்படியெல்லாம் இல்லை' என்று அழிக்க வைக்காதீர்கள், அடுத்த முறை 'அன்பானவள்' மாதிரிப் பட்டங்களே திரும்பி வரும். 'எப்போ அப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். 'விளையாட்டில் கடைசியாகக் கூப்பிட்டார்கள்' என்று பதில் வரலாம். அதுதான் அடுத்த வரி. எழுதிய பிள்ளையைக் கேட்காமல் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள்.