அசைலம் கேஸ் ரிஜெக்ட் ஆனா அந்த ஆள் பொய் சொல்லிட்டார்னு அர்த்தமா?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம், நான் லண்டனுக்கு படிக்க வந்து இங்கேயே வேலைல சேர்ந்தவன். பக்கத்து ரூம்ல யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் இருக்கார், அசைலம், அதாவது அகதியா தஞ்சம் கேட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, போன வாரம் ரிஜெக்ட்னு லெட்டர் வந்துச்சு. என்கிட்ட குடுத்து படிச்சு சொல்லுங்கன்னார். பக்கத்துக்குப் பக்கம் "நீங்க சொல்றது நம்பும்படியா இல்லை"ன்னுதான் இருக்கு, நான் பாதி படிக்கும்போதே எந்திரிச்சுப் போய் கழுவின கப்பையே திரும்பக் கழுவிட்டு நின்னார். இத நம்ம பசங்க வாட்ஸப் குரூப்ல சொன்னா "ரிஜெக்ட்னா பொய் கேஸ்தான், பிளேன் ஏத்தி அனுப்பணும், போர் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு"ங்கறாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடல்நண்டு:
உங்க அண்ணன் பத்தி எனக்குத் தெரியாது, அவர் மேல கோபமும் இல்ல. ஆனா ஏஜென்ட் எழுதிக் குடுத்த கதையை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கற ஆளுங்கள நான் நேர்ல பாத்திருக்கேன், ஒரே கதை, ஊர் பேரு மட்டும் மாறும். அதனால அடிபடறது நிஜமாவே அடி வாங்கிட்டு வந்தவன்தான், அவன் உண்மையைச் சொன்னாலும் அதிகாரி ஏற்கனவே பத்து தடவை கேட்ட கதையாத்தான் கேப்பார். அப்பீல் எல்லாம் முடிஞ்சும் தோத்தா அனுப்பத்தான் வேணும், இல்லேன்னா விசாரணைக்கே அர்த்தம் கிடையாது.

பனையோலை:
தம்பி மழைக்குருவி, நான் 2001 இல அசைலம் அடிச்சனான். இன்டர்வியூவில "என்னை ரெண்டு கிழமை காம்பில வச்சிருந்தவங்கள்" எண்டு சொன்னன். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டு ஆள், நல்ல மனுசன், ஆனா எங்களுக்கு கிழமை எண்டா ஏழு நாள், அவருக்கு கிழமை எண்டா திங்கள் செவ்வாய். ரெண்டு நாள் எண்டு சொல்லிப்போட்டார். பிறகு டொக்டரிட்ட பதினாலு நாள் எண்டு சொன்னன், அவர் அப்பிடியே ரிப்போர்ட்டில எழுதினார். ரிஜெக்ட் கடிதத்தில முதல் காரணமே அதுதான், ரெண்டு நாளோ பதினாலு நாளோ எண்டு உமக்கே தெரியேல்லையாம். அப்பீலில என்ர லோயர் அம்மா ஜட்ஜுக்கு "கிழமை" எண்ட ஒரு சொல்லை விளங்கப்படுத்த அரைமணித்தியாலம் எடுத்தவ. அதுக்குப் பிறகுதான் எனக்கு விசா கிடைச்சது. என்னை இடையில பிளேன் ஏத்தியிருந்தா அந்த அரைமணித்தியாலம் எனக்கு இல்லை.

வாய்தா:
பனையோலை அண்ணே, இதுக்கு அப்புறம் நான் சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, சட்டம் பக்கம் மட்டும் சொல்றேன். 1951 அகதிகள் ஒப்பந்தத்துல 33வது ஷரத்து, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கற இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாதுங்குது. 2023 நவம்பர்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட், அசைலம் கேக்கறவங்கள ஆப்பிரிக்காவுல இருக்கற ருவாண்டாவுக்கு அனுப்பற திட்டத்தை சட்டவிரோதம்னு சொன்னதும் இதே பயத்துலதான், அங்கேர்ந்து சொந்த நாட்டுக்கே தள்ளி விட்டுருவாங்கன்னு. "முதல்ல அனுப்பு, அப்புறம் அப்பீல்"ங்கறது ஏற்கனவே நம்மாளுங்க மேல நடந்து பாத்ததுதான். 1988 பிப்ரவரில அஞ்சு தமிழர்களை பிரிட்டன்லேர்ந்து இலங்கைக்கு அனுப்பினாங்க, அப்போ அவங்க நாட்டை விட்டுப் போனாத்தான் அப்பீலே பண்ண முடியும், 1989ல அந்த அப்பீல்ல ஜெயிச்சு அக்டோபர்ல திரும்பி வந்தாங்க. நடுவுல ஊர்ல சிலருக்கு அடி உதை விழுந்துச்சுன்னு சொன்னாங்க. ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் 1991ல பிரிட்டன் மேல தப்பில்லன்னுதான் சொல்லுச்சு, எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் ஜீரணம் ஆகல. 1993 சட்டத்துலதான் இங்க இருந்துக்கிட்டே அப்பீல் பண்ற உரிமை வந்துச்சு.

போர் முடிஞ்சதேன்னு கேக்கறவங்களுக்கு, 2019 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்ல வந்த ஒரு தமிழரோட கேஸ் இருக்கு. கையிலயும் முதுகுலயும் சூடு வச்ச தழும்பு. கேஸ் ஜெயிக்க ஆள் வச்சு சூடு போட்டிருப்பார்னு கீழ ட்ரைப்யூனல் சொல்லிருச்சு. அப்படி ஒருத்தர் செஞ்சுக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதையும் கணக்குல எடுத்து மறுபடி விசாரிங்கன்னு சுப்ரீம் கோர்ட் திருப்பி அனுப்பிச்சு.

கடல்நண்டு சொன்ன ஏஜென்ட் விஷயம் உண்மைதான், நான் மறுக்கல. பொய்க் கேஸை வடிகட்டறதும் இதே அப்பீல்லதான் நடக்கணும்.

மழைக்குருவி, லெட்டர் தேதியப் பாருங்க, அப்பீல் பண்ண பொதுவா 14 நாள்தான் டைம். இன்டர்வியூ ரெக்கார்டிங்க லோயர் மூலமா வாங்கி தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து கேளுங்க.

மழைக்குருவி:
ரொம்ப நன்றி, பனையோலை அண்ணா உங்களுக்கு ஸ்பெஷலா. தேதி பாத்தேன், இன்னும் ஆறு நாள் இருக்கு. காலைல லோயருக்குப் போன் போட்டாச்சு, நாளைக்கு வரச் சொல்லிருக்காங்க, நானும் லீவு போட்டுட்டு கூடப் போறேன். இப்ப ரெண்டு பேரும் உக்காந்து லெட்டரை முதல் பக்கத்துலேர்ந்து படிக்கறோம், அவர் சொன்ன தமிழ் வார்த்தை ஒவ்வொண்ணையும் ஓரத்துல பென்சில்ல எழுதிட்டு வரேன்.