பாம்பன் சொந்தங்கள் குழு: வாடைக்காற்றில் உடைந்த பாசி மிதவைகள்

அம்மா, காலை 5:48
எல்லாரும் எழுந்தாச்சா? ராத்திரி அடித்த வாடைக்காற்றில் வடகடலில் (பாக் விரிகுடா) நாம் கடல்பாசி வளர்க்கிற மூங்கில் மிதவை நாலு உடைந்துவிட்டது. மூங்கில் கரையில் கிடக்கிறது. அடிவலை கிழிந்து பாசி வெளியே போய்விட்டது.

அருள் அண்ணன், 5:55
ஐயோ அம்மா. எத்தனை நாள் பாசி?

அம்மா, 5:57
முப்பது நாள். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி, அதாவது நடுகிற பாசித் துண்டு, கட்டினோம், இன்னும் பதினைந்து நாளில் அறுத்திருக்கலாம். அது போனது போகட்டும். உடைந்த பாசி கரையோரம் மிதக்கிறது, அதை அள்ள ஆள் வேண்டும். சாக்கு இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

ராஜு மாமா, 6:04
அள்ளி என்ன செய்யப் போகிறாய்? மண்ணும் சேறும் ஒட்டியதை யாரும் வாங்க மாட்டார்கள். கடல் கொண்டு போகட்டும், விடு.

அம்மா, 6:07
அண்ணே, கொண்டு போனால் எங்கே போகும்? வாடை காலத்தில் பாம்பன் கால்வாயில் தண்ணீர் தெற்கே இழுக்கும். நேரே குருசடைத் தீவுப் பவளப் பார்தான்.

ராஜு மாமா, 6:09
கடலில் எத்தனையோ பாசி இருக்கிறது. இதுவும் ஒன்று.

ஜெனி, 6:15
மாமா, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி எல்லாம் நம் கடலில் பிறந்தது. நாம் வளர்க்கிற இந்தக் கப்பாபைகஸ் பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி, வளர்ப்புக்காகக் கொண்டு வந்தது. இதற்கு விதையே தேவையில்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு பாரில் சிக்கினால் போதும், அங்கேயே பிடித்துக் கிளைக்கும். 2008-லேயே குருசடையில் பவளத்தின் மேல் ஏறிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அப்புறம் சிங்கில், முள்ளித் தீவுகளிலும் பார்த்தார்கள். பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி இருக்கிறது, அதற்கு வெயில் வேண்டும். மேலே இது பாய் மாதிரி மூடினால் அடியில் பவளம் செத்துப்போகும்.

மேரி சித்தி, 6:18
வனத்துறை ஆட்கள் முங்கிப் பிய்த்தெடுத்தார்களே?

ஜெனி, 6:20
எடுத்தார்கள் சித்தி. பவள இடுக்கில் ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் திரும்ப வந்துவிடும். அதனால்தான் அங்கே போகுமுன் தடுக்க வேண்டும் என்கிறேன். 2005 அரசாணை வந்ததிலிருந்து மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் இதை வளர்க்கவே கூடாது. நாம் வடகடலில்தான் போடுகிறோம். ஆனால் உடைந்த துண்டுக்கு எல்லை தெரியுமா?

தாத்தா, 6:26
ஜெனி சொல்வது சரி. வேலிக்கருவையும் இப்படித்தான் வந்தது. விறகுக்கு நல்லது, கரிமூட்டத்துக்கு நல்லது என்று எல்லாரும் வரவேற்றோம். ஆடு காயைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைத்தது. இப்போது நம் கண்மாய்க்குள் கால் வைக்க முடிகிறதா? வெட்டினால் தூரிலிருந்து திரும்பத் துளிர்க்கிறது. நிலத்தில் இருப்பதையே நம்மால் தோண்டி எடுத்துத் தீர்க்க முடியவில்லை. தண்ணீருக்குள் போனதை யார் எடுப்பது?

அம்மா, 6:31
கல்யாணத்துக்கு முன்னால் விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் மரிக்கொழுந்து எடுக்கப் போவேன். தண்ணீருக்குள் கண் திறந்தால் கொம்பு கொம்பாகப் பவளம், நடுவில் மீன் குஞ்சு. அந்தப் பார் இல்லாமல் ராஜு அண்ணன் வலைக்கு மீன் எங்கிருந்து வரும்? இந்தப் பாசி என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. நாம் வளர்த்ததை நாம்தான் கரையேற்ற வேண்டும்.

ராஜு மாமா, 6:40
சரி. வள்ளத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். கரையில் நின்று அள்ளினால் பாதிதான் கிடைக்கும். கால்வாய்ப் பக்கம் போனதை நான் வழித்து வருகிறேன். அருள், கைவலை எடுத்து வா.

ஜெனி, 6:42
மாமா, முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். முருங்கைக்காய் மாதிரி பட்டென்று ஒடியும், ஒன்று பத்தாகிவிடும். அடியில் கைவலை கொடுத்துத் தூக்குங்கள். கயிறு, மூங்கில் முடிச்சில் ஒட்டியதையும் கடலில் அலசாமல் மேட்டில் வைத்துச் சுரண்டுங்கள். தூத்துக்குடியில் பரீட்சை இல்லையென்றால் நானும் வந்திருப்பேன்.

அம்மா, பகல் 12:10
இருபத்திரண்டு சாக்கு. அலை ஏறாத மேட்டு மணலில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருக்கிறோம். பக்கத்து மிதவைக்காரப் பெண்களும் வந்து அள்ளினார்கள். இனி அறுக்கிற அன்று உதிர்கிற துண்டுக்கு ஆளுக்கு ஒரு கூடை இடுப்பில் கட்டுவது என்று பேசியிருக்கிறோம்.

அருள் அண்ணன், 12:14
மாமா இன்னும் கரையில்தான் இருக்கிறார். கைவலைக் கண்ணில் சிக்கிய துணுக்கை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போடுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்.

மேரி சித்தி, 12:15
சோறு அங்கேயே கொண்டு வருகிறேன்.