பைனாகுலரில் ஒன்றும் தெரியாத மூன்று மாதம்

நம் பறவை பார்க்கும் குழுவில் எப்படிச் சேர்ந்தோம் என்று ஆளாளுக்குச் சொல்கிறோம் அல்லவா, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் மூன்று மாதம் நான் ஒரு பறவையையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

மாற்றலாகி பாளையங்கோட்டைக்கு வந்த புதிது. ஊரில் ஒருவரையும் தெரியாது. ஞாயிறு காலை நயினார்குளத்துப் பக்கம் நடக்கப் போனால், கரையில் ஏழெட்டுப் பேர் கழுத்தில் பைனாகுலரோடு நிற்கிறார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு அண்ணாச்சி பதில் சொல்லாமல் தன் பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். படிவம், சந்தா எதுவும் கிடையாது. அவ்வளவுதான் சேர்க்கை. அடுத்த வாரம் பளிச்சென்ற ரோஸ் சுடிதார் போட்டு வராதீங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தப் பைனாகுலரில் எனக்கு எல்லாமே பனிமூட்டமாகத்தான் தெரிந்தது. "நாமக்கோழிக் கூட்டத்துக்கு வலப்பக்கம், ஒத்தையா நிக்கி பாருங்க, ஊசிவால் வாத்து." "ஆமா அண்ணாச்சி, தெரியுது." தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. எல்லாரும் ஆகா என்றால் நானும் ஆகா என்பேன். வயது நாற்பத்திரண்டு, கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடிகூட மாற்றினேன்.

கடைசியில் பிடித்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. "அத்தை, வலது கண் பக்கத்து வளையத்தை ஒரு தடவையாச்சும் திருகினீங்களா?" அப்படி ஒரு வளையம் இருப்பதே எனக்குத் தெரியாது. வலது கண்ணை மூடிக்கொண்டு, எதிரே ஒரு கடைப் பலகையின் எழுத்து தெளியும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்பச் சொன்னாள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, அதே எழுத்துக்கு வலது வளையம். ஒருமுறை செய்தால் போதும், அப்புறம் நடுச்சக்கரம் மட்டும்தான். அன்றைக்குத்தான் ஊசிவால் ஆண் வாத்தின் பழுப்புத் தலையிலிருந்து கழுத்தோரமாக ஒரு வெள்ளைக் கோடு இறங்குவதைப் பார்த்தேன். மூன்று மாதமாக இதற்குத்தான் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். (புதிதாக வாங்குகிறவர்களுக்கு: 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து, பன்னிரண்டு என்று ஆசைப்பட்டால் கை நடுங்குவதும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்.)

மாதக் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம், ஒரு பள்ளி வகுப்பறையில். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். சுண்டல் உண்டு. படம் போட்டுக் காட்டுவார்கள். ஒரே மீன்கொத்தியை அறுபது படம் காட்டும் நண்பர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கால் மணி நேரம். அந்த மாதம் பார்த்து இன்னதென்று தெரியாமல் போன பறவையை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் அண்ணாச்சி தடுத்துவிடுவார். "பேரு கெடக்கட்டும். பாத்ததைச் சொல்லுங்க." மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு நேரா வளைவா, கால் என்ன நிறம், சேற்றில் என்ன செய்துகொண்டிருந்தது?

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். 2011-லிருந்து நடப்பது. கூட்டமாக மிதக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் ஐம்பதை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவை மிச்சக் கூட்டத்தின் மேல் பாய் விரிப்பதுபோல வைத்துக்கொண்டே போக வேண்டும். நான் நாலாவது பாய் விரிக்கும்போது செம்பருந்து ஒன்று வந்தது, மொத்தமும் எழும்பிவிட்டது. தூரத்தில் ஓடிய சில உள்ளான்களை, சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகள், எனக்கு வகை பிரிக்கத் தெரியவில்லை. "உள்ளான், வகை தெரியவில்லை"ன்னு எழுதுங்க என்றார் அண்ணாச்சி. பார்த்த பறவைகளைப் பதிகிற இ-பேர்டு இணையதளத்திலும் அப்படிப் பதிய இடம் இருக்கிறதாம். அசிங்கமாக இருக்காதா என்றேன். "தெரிஞ்ச மாதிரி எழுதுனாத்தான் கணக்கு கெட்டுப்போகும்."

எனக்கு முகம் சுட்டது. அவருக்கு அந்த மூன்று மாதம் பற்றித் தெரிந்திருக்குமோ என்று இன்னமும் சந்தேகம்.

*

அக்கா, நீங்களாவது தலைதான் ஆட்டினீர்கள். நான் முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று, கல்லூரி மைதானத்துக்கு மேலே ராஜாளியைப் பார்த்தேன் என்று அறிவித்தவன். வால் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நடுவில் கவட்டை மாதிரி பிளந்திருந்தது என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. சாதாரணக் கரும்பருந்து. கோழிக்கடைக் குப்பைக்கு மேலே தினமும் சுற்றுகிறது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் போகவில்லை. மூன்றாவது மாதம் அண்ணாச்சியே போன் செய்தார். "தம்பி, வால் எப்படி இருந்துச்சுன்னு கேட்ட உடனே சொன்னியே, அதுக்கே வரணும்." கூந்தன்குளம் போனபோது தன்னோடு முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கிற மரத்திலேயே கூடு கட்டுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டுக்குக் கீழே போய் ஒருவர் படம் எடுக்க ஆரம்பித்ததும், அண்ணாச்சி அதட்டாமல் தோளில் கைபோட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

*

நாங்கள் பறவை பார்க்கப் போகவில்லை, பறவைதான் வீடு தேடி வந்தது. அக்டோபர் மாதம் ஒரு விடியற்காலை, குளியலறை மூலையில் உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. யாரோ வளர்த்த கிளி தப்பி வந்திருக்கிறது என்று நினைத்தோம். என் மாமியார் சங்கில் பாலே எடுத்து வந்துவிட்டார்கள்.

தெரிந்தவர் மூலம் குழுவில் ஒருவரைப் பிடித்தோம். ஆறுமணிக் குருவி என்றார். வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருவது. வந்த களைப்பில் இப்படி வீட்டுக்குள் விழுவது உண்டாம். வாயில் எதையும் ஊற்றாதீங்க, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டாகச் சத்தமில்லாத இடத்தில் வையுங்க, மாலையில் மரம் உள்ள இடத்தில் திறந்துவிடுங்க என்றார். பகல் பூராவும் வீட்டில் டிவி போடவில்லை. மாமியார் சீரியலை விட்டுக்கொடுத்தது அன்றைக்கு ஒருநாள்தான். சாயங்காலம் பெட்டியைத் திறந்தோம். இரண்டு தத்து தத்தி நின்று, விர்ரென்று புதருக்குள் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு மாமியார்தான் முதலில் கிளம்பி நின்றார்கள்.

*

உங்கள் மாமியாரை இந்த மாதமும் கூட்டி வாருங்கள். சுண்டல் என் முறை.

இந்த மாதத்துக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. வயல் வரப்போரத் தண்ணீரில் பார்த்தது. மைனாவைவிடச் சிறிது, அலகு நேர், கால் மஞ்சளாக, பழுப்பு முதுகில் வெள்ளைப் பொட்டுகள். கிளம்பும்போது சிஃப் சிஃப் என்று கத்திக்கொண்டே போனது, பின்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. யாருக்காவது தெரிந்தால் சனிக்கிழமைக்கு முன்னால் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.