விட் ஜூனியருக்கும் சைஸ்மோருக்கும் ஒரே மதிப்பெண் வருகிறது, ஷீட்டில் எதை மாற்றுவது?

இன்னிங்ஸ்9
வணக்கம். பேஸ்பாலில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) பாபி விட் ஜூனியர் எவ்வளவு தூரம் போவார் என்று கணிக்க ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கிறேன். ஐந்து திறன்களும் உள்ள ஃபைவ்-டூல் பிளேயர் என்பதால், வீரர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்கள் செய்வதுபோல அடிக்கும் திறன், பவர், ஓட்டம், ஃபீல்டிங், த்ரோ ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். 2024-ல் பேட்டிங் சராசரி .332, 32 ஹோம்ரன், 31 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது. உச்சத்தில் வந்தார், சரி. சோதனைக்காக கிளீவ்லாந்து அணியின் கிரேடி சைஸ்மோரின் 2008 எண்களைப் போட்டேன்: 33 ஹோம்ரன், 38 ஸ்டீல், கோல்ட் க்ளவ். ஏறக்குறைய அதே மதிப்பெண்! ஆனால் சைஸ்மோர் அதற்குப் பிறகு ஒரு சீசனைக்கூட முழுதாக ஆடவில்லை. 2012, 2013-ல் களத்துக்கே வரவில்லை. இருவரையும் பிரித்துக் காட்ட வழி உண்டா?

டக்அவுட்
ஐந்தையும் சமமாகக் கூட்டாதீர்கள் நண்பரே. த்ரோவுக்கு 70 வாங்கினாலும் அடிக்கத் தெரியாதவர் மேஜர் லீக்கில், அதாவது உச்ச மட்டத்தில், நிலைக்க முடியாது. நான் முதலில் பார்ப்பது ஆன்-பேஸ், அதாவது ஆட வந்த தடவைகளில் எந்த விகிதத்தில் அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்தார் என்பது. விட்டுக்கு 2022-ல் .294, அடுத்த வருடம் .319, 2024-ல் .389. எந்தப் பந்தை விட வேண்டும் என்று கற்றுக்கொண்டே வருகிறார்.

இன்னிங்ஸ்9
அதைச் சேர்த்தால் சிக்கல் கூடுகிறது. சைஸ்மோர் 2008-ல் 98 வாக் (மோசமான நான்கு பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) எடுத்திருக்கிறார், விட் 2024-ல் 57தான். உடல் தாங்குமா என்று ஆட்ட எண்ணிக்கையையும் பார்த்தேன். 2006, 2007 இரண்டிலும் சைஸ்மோர் 162 ஆட்டமும் ஆடியவர்!

பழைய ரசிகர்
தம்பி, உங்கள் ஷீட் சைஸ்மோருக்குச் சரியான மதிப்பெண்தான் கொடுக்கிறது. அந்த வயதில் அவர் அப்படித்தான் ஆடினார், பார்க்கவே அவ்வளவு அழகு. 2010-ல் இடது முழங்காலில் மைக்ரோஃபிராக்சர் அறுவை, அதாவது குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பில் சிறு துளைகள் போட்டு, புதிய திசு வளரக் காத்திருப்பது. அப்புறம் முதுகு. இதில் எதுவும் 2008-ன் எண்களில் தெரிந்திருக்காது. எனவே இருவரையும் பிரிக்க முயலாமல், கேள்வியை மாற்றுங்கள்: கால் வேகம் போனால் மிச்சம் என்ன?

கார்லோஸ் பெல்ட்ரானைப் பாருங்கள். அவரும் ராயல்ஸில் தொடங்கியவர், 1999-ன் ரூக்கி ஆஃப் தி இயர், அதாவது சிறந்த புதுமுகம். 2004-ல் 38 ஹோம்ரன், 42 ஸ்டீல். முழங்கால் அறுவைக்குப் பிறகு அதிகம் ஓட வேண்டிய சென்டர் ஃபீல்டை விட்டு ரைட் ஃபீல்டுக்குப் போனார். ஸ்டீல் குறைந்தது, பேட் குறையவில்லை. 2012-ல் 35 வயதில் 32 ஹோம்ரன். மொத்தம் 435.

விட் இப்போது வினாடிக்கு 30 அடிக்கு மேல் ஓடுகிறார். லீக் சராசரி 27. முதலில் தேய்வது இதுதான். 2024-ல் எடுத்த 211 ஹிட்டில் (அடித்துப் பேஸ் சேர்ந்த தடவைகள்), உள்களத்தில் உருட்டிவிட்டு ஓடி எடுத்தவற்றைத் தனியாகக் கழியுங்கள். மிச்சமிருப்பதுதான் 33 வயதிலும் அவரிடம் இருக்கும். ஷார்ட்ஸ்டாப்பில் தொடர்வார் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் பேஸுக்கோ இரண்டாம் பேஸுக்கோ நகர்ந்தால் என்ன மதிப்பு என்று ஒரு வரி வையுங்கள்.

டக்அவுட்
அண்ணன் சொல்வது சரி. இன்னொன்று: 2023-ல் பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிக்ஆஃபுக்கும் (பேஸில் நிற்பவரை அவுட் ஆக்க பிட்சர் அங்கே எறிவது) வரம்பு வந்தது. லீக் முழுக்க ஸ்டீல் கூடியது. விட் அந்த வருடம் எடுத்த 49-ஐ சைஸ்மோரின் 38-ஓடு நேராக ஒப்பிடக் கூடாது. அந்தந்த வருட லீக் சராசரியால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னிங்ஸ்9
மிக்க நன்றி அண்ணா, நன்றி டக்அவுட். ஓட்டத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். விட் கொஞ்சம் இறங்கினாலும் முதல் வரிசையிலேயே நிற்கிறார், ஏனென்றால் 32 ஹோம்ரனும் நீண்ட அடிகளும் காலை நம்பி வந்தவை அல்ல. இனி ஒற்றை மதிப்பெண் கிடையாது. முழங்கால் தாங்கினால் ஒரு வரி, தாங்காவிட்டால் ஒரு வரி. ஸ்டீலை வகுக்கும் வேலை மட்டும் பாக்கி, இன்று இரவு முடித்து ஷீட்டை இங்கே போடுகிறேன்.