வட்டார வானொலிக்கு அறக்கட்டளை நிதி: சேர்த்துக் கேட்பதா, பிரித்துக் கேட்பதா?

கேள்வி:
சிறிய வட்டார வானொலி நிலையம் ஒன்றை நடத்தும் நாங்கள், ஆவணப்படம் ஒன்றையும் மாணவர்களுக்கான ஊடகப் பயிற்சியையும் ஒரே விண்ணப்பத்தில் இணைத்து நிதி கேட்க எண்ணுகிறோம். இது பொருத்தமாக இருக்குமா?

மறுமொழி 1:
பிரித்துக் கேட்பதே நல்லது. அமெரிக்காவின் சன்டான்ஸ் நிறுவனம் வழங்கும் ஆவணப்பட நிதி போன்றவை படத்தை மட்டுமே கருத்தில் கொள்பவை. பக்கம் பக்கமான விளக்கத்தைவிடச் சில நிமிட மாதிரிக் காட்சி அதிகம் பேசும். வரவு செலவுத் திட்டத்தில் ஒலிக்கலவை, துணைத்தலைப்பு, பழைய காட்சிகளுக்கான உரிமக் கட்டணம் ஆகியவை விடுபட்டிருந்தால், தயாரிப்பு அனுபவம் இல்லாதவர்கள் என்ற எண்ணம் தேர்வுக் குழுவுக்கு எழுந்துவிடும்.

மறுமொழி 2:
நிலையத்தின் அன்றாடச் செலவுதான் எனக்குப் பெருங்கவலை. அமெரிக்காவில் வணிக நோக்கற்ற வானொலி, தொலைக்காட்சிக்கு அரசு நிதி கிடைக்க வழிசெய்த 1967ஆம் ஆண்டின் பொது ஒலிபரப்புச் சட்டத்துக்கு, கார்னகி அறநிறுவனம் அமைத்த ஆணையத்தின் அறிக்கையே வழிகோலியது. அங்கேயே 2025இல் அரசு பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலர் ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றபோது, ஊடகத் துறைக்கு நிதியளிக்கும் நைட் அறக்கட்டளை உள்ளிட்டவை முன்வந்து அளித்த அவசர நிதியால் அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்ய முடியவில்லை. ஆகவே விண்ணப்பத்தில் ஊதியத்துக்கும் மின்கட்டணத்துக்கும் ஒரு பங்கைத் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பயிற்சிக்கான விண்ணப்பத்தை, நிர்வாகச் செலவையும் சேர்த்து, முதலில் அனுப்புகிறோம்.