ஒலிம்பிக் ஆடவர் ஒற்றையரில் வெண்கலத்துக்கு மட்டும் ஏன் தனி ஆட்டம்?

மாலைநேர ஆட்டக்காரன் (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் ஒற்றையர் டென்னிஸில் சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன் அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் டெனிஸ் இஸ்டோமினிடம் 2–6, 2–6 என்று தோற்றார். ஆனாலும் வெண்கலப் பதக்கத்துடன் ஊர் திரும்பினார். இன்னோர் அரையிறுதியில் தோற்ற தென்கொரியாவின் லீ டக்-ஹீக்கும் வெண்கலம் கிடைத்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸின் கதை அப்படி அமையவில்லை. அரையிறுதியில் அமெரிக்காவின் ஆந்த்ரே அகாசியிடம் தோற்றவர், மறுபடியும் களமிறங்கி பிரேசிலின் பெர்னாண்டோ மெலிஜெனியை வென்ற பிறகுதான் பதக்கத்தைக் கையில் வாங்கினார். ஒரே விளையாட்டில் இப்படி இருவேறு முறைகள் இருப்பது ஏன்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. என்னுடன் மாலையில் ஆடும் நண்பர் ஒருவர், அமெரிக்காவின் முன்னணி வீரர் பீட் சாம்ப்ராஸ் அட்லாண்டா போட்டியிலிருந்து விலகாமல் இருந்திருந்தால் பயஸுக்குப் பதக்கமே இல்லை, அது அதிர்ஷ்டத்தால் வந்த வெண்கலம் என்று அடித்துச் சொல்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழைய ஸ்கோர்கார்டு:

முதலில் முறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு விலக்கி வைக்கப்பட்ட டென்னிஸ், 1988இல் சியோலில்தான் முழுமையான பதக்க விளையாட்டாகத் திரும்பியது. அந்த ஆண்டிலும் 1992 பார்சிலோனாவிலும் வெண்கலத்துக்கான ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் கொடுத்தார்கள். சியோலில் எட்பெர்க், பிராட் கில்பர்ட் ஆகிய இருவரும், பார்சிலோனாவில் இவானிசெவிச், செர்கசோவ் ஆகிய இருவரும் அப்படிப் பதக்கம் பெற்றவர்கள். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இன்றும் இதே வழக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அட்லாண்டாவில்தான் மூன்றாம் இடத்துக்கென்று தனி ஆட்டம் திரும்ப வந்தது. இன்றுவரை அது தொடர்கிறது. ஆசிய விளையாட்டில் பழைய இரட்டை வெண்கல முறை நிலைத்துவிட்டது. ஆகவே நான்கு ஆண்டுகள் முன்னதாக, பார்சிலோனாவில், பயஸ் அரையிறுதிக்கு வந்திருந்தால் அதில் தோற்ற அன்றே அவர் பதக்கத்தோடு பையைக் கட்டியிருக்கலாம்.

இனி உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். சாம்ப்ராஸ் காயத்தால் விலகினார், அமெரிக்க அணியில் அந்த இடத்துக்கு ரிச்சி ரெனபெர்க் வந்தார், பயஸின் முதல் சுற்று ஆட்டம் அந்த ரெனபெர்க்குடன்தான் என்பதெல்லாம் உண்மை. அந்த ஆட்டமும் முழுதாக முடியவில்லை. முதல் செட்டை டை-பிரேக்கில் (6–6 என்ற சமநிலையை முடிக்கும் கூடுதல் கேமில்) இழந்து, இரண்டாவதை டை-பிரேக்கில் பிடித்து, மூன்றாவதில் பயஸ் 1–0 என்று முன்னிலையில் இருந்தபோது ரெனபெர்க் விலகிக்கொண்டார். அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த முதல் சுற்றைச் சொல்லலாம். அதற்கு மேல் அந்தச் சொல் நகராது. இரண்டாம் சுற்றில் வெனிசுவேலாவின் நிக்கோலஸ் பெரேராவை 6–2, 6–3 என்று வென்றார். அடுத்து வந்த சுவீடனின் தாமஸ் என்க்விஸ்ட் அப்போது உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவர். பின்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பலமாக அடிப்பவர். அவரை 7–5, 7–6 என்று நேர் செட்களில் வீழ்த்தியதுதான், என் கணக்கில், அந்த வாரத்தின் மிகப் பெரிய வெற்றி. காலிறுதியில் இத்தாலியின் ரென்ஸோ ஃபுர்லான் 6–1, 7–5 என்று வீழ்ந்தார். தரவரிசையில் நூறுக்கு வெளியே இருந்து வைல்டு கார்டில் (தரவரிசையைப் பாராமல் தரும் சிறப்பு அனுமதியில்) உள்ளே வந்த ஒருவர் இவ்வளவு தூரம் வந்ததை, ஒரு சாம்ப்ராஸ் இல்லாததை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

அரையிறுதியிலும் அவர் சும்மா தோற்கவில்லை. முதல் செட் டை-பிரேக் வரை போய், அந்த டை-பிரேக்கில் 5–7 என்று கைநழுவியது. இரண்டாவது செட் 3–6. அந்த ஆட்டத்தில் மணிக்கட்டில் காயம் பட்டதைப் பற்றி அவரே பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். டென்னிஸ் ஆடுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்லத் தேவையில்லை. வலைக்கு ஓடிவந்து வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) அடித்தே புள்ளி எடுக்கும் ஆட்டக்காரருக்கு, பந்து மட்டையில் படும் அந்த நொடியில் மணிக்கட்டு ஆடாமல் இறுகி நின்றாக வேண்டும். அந்தக் கையோடு, 1996 ஆகஸ்ட் 3 அன்று, அட்லாண்டாவுக்கு வெளியே ஸ்டோன் மவுண்டனில் இருந்த டென்னிஸ் அரங்கில் மெலிஜெனியை எதிர்கொண்டார். முதல் செட் 3–6 என்று போனது. அடுத்த இரண்டையும் 6–2, 6–4 என்று எடுத்தார். மெலிஜெனி இலேசுப்பட்டவர் அல்லர். மூன்று ஆண்டுகள் கழித்து பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி வரை சென்றவர்.

கே. டி. ஜாதவ் 1952இல் ஹெல்சிங்கியில் மல்யுத்த வெண்கலம் வென்ற பிறகு, ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. 1980 மாஸ்கோ ஹாக்கித் தங்கத்துக்குப் பிறகு எந்தப் பதக்கமும் வராத காலம் அது. பயஸ் சிறுவயதில் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தாரின் டென்னிஸ் பயிற்சியகத்தில் வளர்ந்தவர் என்பதால் நம் ஊரார் அவரைச் சற்று உரிமையோடு கொண்டாடினார்கள், அதில் தவறில்லை.

நடுவர் நாற்காலி:

ஸ்கோர்கார்டு ஐயா சொன்ன விவரங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தனி ஆட்டம் வைப்பதே சிறந்தது என்பதுபோல் இந்த இழை நகர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டியில் நான் நடுவராக இருந்தேன். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் காலை எட்டு மணிக்கு. முந்தைய மாலை மூன்று செட் ஆடித் தோற்ற பையன் ஒருவன் வந்து நின்றான், எதிராளி வரவில்லை. விதிப்படி கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அந்தப் பையன் நான்கு முறை சர்வீஸ் போட்டுப் பார்த்துவிட்டு, பந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் நாற்காலியின் நிழலில் உட்கார்ந்துவிட்டான். கோப்பை அவனுக்குத்தான். வாங்கும்போது அவன் முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தங்கக் கனவு கலைந்த மறுநாளே ஒருவரைக் களத்தில் இறக்கினால் அவரிடம் மிச்சம் இருப்பது என்ன என்பதுதான் என் கேள்வி.

2004 ஏதென்ஸை நினைத்துப் பாருங்கள். அது இரட்டையர்தான் என்றாலும் விதி ஒன்றே. பயஸும் மகேஷ் பூபதியும் குரோஷியாவின் அஞ்சிச், லுபிசிச் இணையிடம் 6–7, 6–4, 14–16 என்று வெண்கலத்தை இழந்தார்கள். அரையிறுதி வரை வந்த இணை, மூன்றாவது செட்டில் முப்பது கேம்கள் ஆடிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியது. இரட்டை வெண்கல முறை இருந்திருந்தால் அந்தப் பதக்கமும் நம்மிடம் இருந்திருக்கும்.

மாலைநேர ஆட்டக்காரன்:

இருவருக்கும் நன்றி. நண்பரிடம் என்க்விஸ்ட் பெயரைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு பேச்சை ரெனபெர்க் பக்கமே திருப்பினார்! நடுவர் ஐயா சொன்னதுபோல் பெரிய வீரர்களே வெண்கல ஆட்டத்தில் மனம் சோர்ந்து ஆடியதுண்டா?

பழைய ஸ்கோர்கார்டு:

இதற்கு ஜோகோவிச்சின் ஒலிம்பிக் வரலாறே போதும். 2008இல் பெய்ஜிங்கில் ஜேம்ஸ் பிளேக்கை வென்று வெண்கலம் பெற்றார். 2012இல் லண்டனில் டெல் போட்ரோவிடம் 5–7, 4–6 என்று தோற்று வெறுங்கையோடு திரும்பினார். டோக்கியோ போட்டி 2021இல் நடந்தபோது, அரையிறுதியில் ஸ்வெரேவிடம் முதல் செட்டை 6–1 என்று வென்ற பிறகு சரிந்தார். மறுநாள் வெண்கல ஆட்டத்தில் ஸ்பெயினின் பாப்லோ கரேன்யோ புஸ்டாவிடமும் மூன்று செட்களில் தோற்றார். ஆள் இல்லாத பார்வையாளர் வரிசைக்குள் மட்டையை வீசியதும், இன்னொரு மட்டையை வலைக் கம்பத்தில் அடித்து உடைத்ததும் அந்த ஆட்டத்தில்தான். ஆகவே நடுவர் ஐயாவின் கவலை நியாயமானது.

ஆனாலும் என் நிலை மாறவில்லை. அதே ஆட்டத்தில் வலையின் மறுபக்கம் நின்ற கரேன்யோ புஸ்டாவையும், 2016 ரியோவில் நடாலை 6–2, 6–7, 6–3 என்று வென்ற நிஷிகோரியையும் கேட்டுப் பாருங்கள். நிஷிகோரியின் அந்த வெண்கலம், 1920க்குப் பிறகு 96 ஆண்டுகள் கழித்து ஜப்பானுக்கு வந்த டென்னிஸ் பதக்கம். நடாலை வீழ்த்தி வாங்கிய அந்தப் பதக்கத்துக்கும், அரையிறுதியில் தோற்றதற்குக் கிடைக்கும் பதக்கத்துக்கும் எடை ஒன்றாக இருக்க முடியாது.

நடுவர் நாற்காலி:

எடை ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் டோக்கியோ கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுங்கள். ஒற்றையர் வெண்கலத்தை இழந்த அதே நாளில், தோள் காயத்தைக் காரணம் காட்டி, நீனா ஸ்டோயனோவிச்சுடன் ஆட வேண்டியிருந்த கலப்பு இரட்டையர் வெண்கல ஆட்டத்திலிருந்து ஜோகோவிச் விலகினார். ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டியும் ஜான் பீர்ஸும் அந்த ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட அடிக்காமல் பதக்க மேடையேறினார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவன், என் நாற்காலி நிழலில் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையன்தான்.